எரித்தால் முடிந்ததா? சாம்பலுக்குக் கணக்குக் கேட்போம்

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் பெருந்தொகையாகக் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களிற் சிலர் வியந்திருப்பீர்கள். "அப்புக்காத்துக்கும் சாம்பலுக்கும் என்ன தம்பி தொடர்பு?" என்று மண்டபத்து வாசலிலேயே ஒரு பெரியவர் என்னைக் கேட்டுவிட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். நான் இரசாயனம் படித்தவனல்லன், சட்டம் படித்தவன். ஆயினும் சட்டம் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருள் கைமாறும்போது அதன் பெயரும் மாறுகின்றதா என்று அவன் உற்றுப் பார்ப்பான். பெயர் மாறினால் அங்கே ஏதோ மறைக்கப்படுகின்றது என்று ஐயுறுவான். அவ்வாறு பெயர் மாறிய ஒரு சாம்பலின் கதையிலிருந்தே என் உரையைத் தொடங்குகின்றேன்.

உரம் என்ற பெயரில்

1986ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து "கியான் சீ" என்னும் கப்பல் ஒன்று புறப்பட்டது. அந்நகரத்துக் குப்பையை எரித்ததில் மிஞ்சிய சாம்பல் ஏறக்குறைய 14,000 தொன் அதில் ஏற்றப்பட்டிருந்தது. பஹாமாசில் இறக்க எண்ணினார்கள், அந்நாடு மறுத்துவிட்டது. கப்பல் கரிபியன் கடலில் துறை துறையாக அலைந்தது. ஈற்றில் 1988ஆம் ஆண்டு சனவரி மாதம், ஹெயிற்றி என்னும் ஏழை நாட்டின் கொனாயீவ் கடற்கரையில் ஏறக்குறைய 4,000 தொன் சாம்பல் கொட்டப்பட்டது. கொட்டும்போது அதற்குச் சொல்லப்பட்ட பெயர் யாது தெரியுமா? உரம்! அமெரிக்காவில் சாம்பலாகக் கப்பலேறியது, ஏழை நாட்டின் கரையில் உரமாக இறங்கியது.

மீந்த சாம்பலுடன் அக்கப்பல் உலகைச் சுற்றியது. இரு முறை தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. அது இடம் தேடி அலைந்த நாடுகளின் பட்டியலில் நமது இலங்கையின் பெயரும் உண்டு என்பதை நீங்கள் மறந்துவிடலாகாது. 1988 நவம்பரில் சிங்கப்பூரை அடைந்தபோது கப்பல் வெறுமையாக இருந்தது. அத்திலாந்திக்கிலும் இந்து சமுத்திரத்திலும் சாம்பலைக் கொட்டினோம் என்று கப்பற்றலைவன் பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் கூறினான். 1993இல் கம்பனியைச் சேர்ந்த இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எதற்காக? பொய்ச் சத்தியம் செய்தமைக்காக! கடலில் நஞ்சைக் கொட்டியதைவிட, கொட்டவில்லை என்று பொய் சொன்னதே சட்டத்தின் கையில் எளிதில் அகப்பட்டது. ஹெயிற்றிக் கரையில் எஞ்சிய சாம்பல் 2000ஆம் ஆண்டில் அள்ளப்பட்டு, 2002இல், புறப்பட்ட அதே பென்சில்வேனியா மாநிலத்தில் புதைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் ஊர் ஊராய் அலைந்த பின், பிறந்த வீட்டுக்கே பிணமாய்த் திரும்பியது அந்தச் சாம்பல்.

இது அமெரிக்காவுக்கு மாத்திரம் உரிய குற்றமன்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், பைக்கர் என்னுமிடத்து எரியுலைச் சாம்பலை 1994 முதல் 1999 வரை, நகரவாசிகள் காய்கறி பயிரிட்டுக் கோழி வளர்க்கும் சிறுதோட்டங்களின் நடைபாதைகளிற் பரப்பினார்கள். ஏறக்குறைய 2,000 தொன்! பரிசோதித்தபோது பார உலோகங்களும் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் காணப்பட்டன. அத்தோட்டத்துக் கோழி முட்டைகளை உண்ணவேண்டாம் என்று மக்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. நகரசபையும் உலையை நடத்திய கம்பனியும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டன. ஹெயிற்றியில் உரம், நியூகாசிலில் பாதைக்குப் பரவும் மண். பெயர் எதுவானாலும், ஈற்றில் அது போய்ச் சேர்ந்த இடம் பயிர் செய்பவனின் நிலமே.

நெருப்பு எதை அழிக்கும், எதை அழிக்காது?

நமது வீட்டு அடுப்புச் சாம்பல் நல்ல பொருள். நம் தாய்மார் அதனாற் பாத்திரம் துலக்கினார்கள். கத்தரி இலைமேல் தூவினார்கள், எருவோடு கலந்தார்கள். ஆகவே சாம்பல் என்றவுடன் நமக்கு அச்சம் தோன்றுவதில்லை. ஆனால் விறகின் சாம்பல் வேறு, நகரத்துக் குப்பையின் சாம்பல் வேறு. நெருப்பு காகிதத்தை அழிக்கும், துணியை அழிக்கும், பிளாத்திக்கை அழிக்கும். உலோகத்தை அது அழிக்கமாட்டாது. ஈயம் எரிந்தாலும் ஈயமே. கட்மியம் எரிந்தாலும் கட்மியமே. பத்துப் பங்கு குப்பையில் இருந்த ஈயம், எரித்தபின் இரண்டு பங்கு சாம்பலில் இருக்கின்றது. குப்பை குறைந்தது, ஈயம் குறையவில்லை, செறிந்துவிட்டது.

குப்பையில் உலோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பாடசாலையில் நாகம் என்று படிக்கும் துத்தநாகம், நாகமுலாம் பூசிய தகரத்திலும் வண்டி ரயரிலும் மின்கலத்திலும் வர்ணப்பூச்சிலும் உண்டு. ஈயம், பழைய வர்ணப்பூச்சிலும் வானொலிப் பெட்டியின் பற்றாசிலும் உண்டு. கட்மியம், மீளமின்னேற்றும் பழைய மின்கலங்களிலும் சில நிறப்பொடிகளிலும் உண்டு. செம்பு மின்கம்பிகளில் உண்டு.

இவை உலையினுள் ஒரே வழியிற் செல்வதில்லை. இரும்பும் செம்பின் பெரும்பகுதியும் தட்டின் அடியில் தங்கி, அடிச்சாம்பலோடு விழும். கட்மியமோ 767 பாகை வெப்பத்திற் கொதித்து ஆவியாகும். நாகம் 907 பாகையில் ஆவியாகும். உலையின் வெப்பம் 850 பாகைக்கு மேற்பட்டது. கறியுப்பிலும் சில பிளாத்திக்கிலும் உள்ள குளோரீன் இவற்றோடு சேர்ந்தால் ஆவியாவது இன்னும் எளிதாகின்றது. ஈயமும் அவ்வழியே மேலெழும். இந்த ஆவி புகைவழியிற் குளிர்ந்து, நுண்ணிய தூசியின்மேற் படிகின்றது. அத்தூசியை வடிகட்டிப் பிடிக்கிறார்கள். அதற்குப் பறக்கும் சாம்பல் என்று பெயர்.

ஒரு தொன் குப்பையை எரித்தால் ஏறக்குறைய 200 கிலோ அடிச்சாம்பலும் 20 கிலோ பறக்கும் சாம்பலும் மிஞ்சும். அந்த 20 கிலோ அளவிற் சிறியது, நஞ்சிற் பெரியது. அதில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் நாகமும், ஒரு பங்கை அண்டிய ஈயமும், அவற்றோடு கட்மியமும் செம்பும் உண்டு. இவற்றுட் பல, நீரிற் கரையும் உப்புகளாய் இருப்பதே பெரிய ஆபத்து. மழைநீர் பட்டால் கரையும், கரைந்தது நிலத்திலிறங்கும், நிலத்திலிறங்கியது கிணற்றுக்கு வரும். புகைபோக்கியைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று உலைக்காரர் பெருமை பேசுவர். அது நல்லதே. ஆனால் புகை எவ்வளவுக்குச் சுத்தமாகின்றதோ, அவ்வளவுக்குச் சாம்பல் நஞ்சாகின்றது.

1986இல் இன்னொரு நாடு

"கியான் சீ" புறப்பட்ட அதே 1986ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்து தன் கழிவுகள் பற்றிய வழிகாட்டுக் கொள்கையொன்றை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: எமது தலைமுறை ஆக்கிய கழிவை எமது தலைமுறையே தீர்க்கவேண்டும், புதைப்பதானால், பின்வருவோர் காவல் காக்கவேண்டிய அவசியமில்லாத நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே புதைக்கவேண்டும். ஒரு நாடு சாம்பலுக்குக் கப்பல் தேடிய ஆண்டில், மற்றொரு நாடு சாம்பலுக்குச் சட்டம் தேடியது.

அந்நாட்டாருக்கு இந்த ஞானம் சும்மா வந்ததன்று. கொல்லிக்கன் என்னும் கிராமத்துப் பழைய களிமண் குழியில் 1978 முதல் தொழிற்சாலை நச்சுக்கழிவுகளைப் புதைத்தார்கள். நாற்றம் எழுந்தது; நீர் கெட்டது. 1985இல் அக்குழியை மூடச்செய்தது அக்கிராமத்துச் சபையே! புதைத்தவற்றை மீண்டும் தோண்டியெடுக்கும் வேலை 2007இலிருந்து 2015 வரை நடந்தது. ஆறு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட மண்ணும் கழிவும் அகழப்பட்டன. செலவு நூறு கோடி பிராங்கை அண்மியது. ஏழு ஆண்டுகள் மலிவாகப் புதைத்ததற்கு மக்கள் கொடுத்த விலை இது.

எரியக்கூடிய குப்பையை எரிக்காமற் புதைப்பதை 2000ஆம் ஆண்டிலிருந்து அந்நாடு தடைசெய்தது. அங்குள்ள ஏறக்குறைய 30 உலைகள் ஆண்டுக்கு நாற்பது இலட்சம் தொன் அளவில் எரிக்கின்றன. பறக்கும் சாம்பல் மாத்திரம் 80,000 தொன். நூற்றுக்கு நான்கு பங்கு என்று கணக்கிட்டாலும், ஆண்டுதோறும் 3,000 தொன் நாகம் அந்தத் தூசியில் இருக்கின்றது. மண்ணுக்கு நஞ்சாயிருப்பது, பிரித்தெடுத்தால் தொழிலுக்கு மூலப்பொருளாகின்றது.

அமிலத்தாற் கழுவும் முறை

பிரித்தெடுப்பது எவ்வாறு? முறை விளங்குவதற்குக் கடினமானதன்று. புகையைக் கழுவும்போது ஐதரோகுளோரிக்கமிலம் கலந்த கழிவுநீர் உண்டாகின்றது. அதுவும் கழிவு, சாம்பலும் கழிவு. இரண்டையும் சேர்க்கிறார்கள். அமிலம் சாம்பலிலுள்ள நாகத்தையும் கட்மியத்தையும் ஈயத்தையும் செம்பையும் கரைத்தெடுக்கும். பின்னர் வடிகட்டுகிறார்கள். வடியிற் தங்குவது உலோகம் பெரிதும் நீங்கிய சாம்பல், அதனைப் புதைக்கலாம். வடிந்த நீரிற் சுண்ணாம்பு சேர்த்தால், நாகம் மிகுந்த சேறு அடியிற் படியும். அச்சேற்றை உருக்காலைக்கு அனுப்பி உலோகமாக்குகிறார்கள்.

சொலொத்தூர்ண் நகருக்கு அண்மையிலுள்ள சுக்வில் என்னுமிடத்தில், 2012ஆம் ஆண்டளவில் இதனினும் ஒரு படி மேலே சென்றார்கள். வடிந்த நீரில் நாகத்தூளை இட்டால், கட்மியமும் ஈயமும் செம்பும் திண்மமாகப் பிரிந்துவிடும். மீந்த நாகக் கரைசலைத் தூய்மையாக்கி மின்பகுப்புச் செய்தால், நாகம் தகடாகப் படியும். அதன் தூய்மை நூற்றுக்கு 99.99க்கு மேல். அடிச்சாம்பலையும் அவர்கள் விடவில்லை. சூரிச்சுக்கு அண்மையிலுள்ள ஹின்வில் உலையில், சூடான அடிச்சாம்பலை நீரிற் போடாமல் உலர்ந்த நிலையிலேயே வெளியே எடுக்கிறார்கள். நீர் படாதபடியால் சாம்பல் இறுகுவதில்லை. இரும்பு, அலுமினியம், செம்பு, நுண்துணுக்காகத் தங்கம்கூட அதிலிருந்து அரித்தெடுக்கப்படுகின்றது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லவேண்டும். பறக்கும் சாம்பலிலிருந்து எடுத்த நாகத்தை விற்ற காசு, எடுத்த செலவை ஈடுசெய்வதில்லை. இது இலாபம் தரும் வியாபாரம் என்று எவராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அப்படியானால் ஏன் செய்கிறார்கள்? சட்டம் சொல்வதனாற் செய்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் கழிவு ஒழுங்குவிதியின் 32ஆம் பிரிவு, பறக்கும் சாம்பலிலிருந்து உலோகங்கள் மீட்கப்படவேண்டும் என்று கட்டளையிடுகின்றது. அடிச்சாம்பலிற் செம்பு, அலுமினியம் போன்ற இரும்பல்லாத உலோகத் துணுக்குகள் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருந்தால் புதைக்க இயலாது என்றும் விதியுண்டு. பறக்கும் சாம்பலுக்கு முதலில் ஐந்து ஆண்டு தவணை கொடுத்தார்கள். பின்னர் தவணையை நீட்டினார்கள். சட்டம் எழுதியவுடன் எல்லாம் நடந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் சட்டத்தில் அந்தச் சொல் இருந்தபடியாலேயே பொறியியலாளர் வழி தேடினர். நகரசபைகள் பணம் ஒதுக்கின.

பணம் எங்கிருந்து வந்தது? சுவிற்சர்லாந்தில் நம்மவர் பல்லாயிரவர் வாழ்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது கேட்டுப்பாருங்கள். அந்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் வீட்டுக் குப்பைப் பை ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. கட்டணம் செலுத்தாத பையைப் பொறுப்பேற்கமாட்டார்கள். கழிவை ஆக்குபவனே அதன் செலவைத் தாங்கவேண்டும் என்னும் நீதி, அங்கே ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நிற்கின்றது.

நமது வாசலில்

இது நமக்கு எட்டாத தூரத்துக் கதை என்று எண்ணாதீர்கள். 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கவேண்டும் என்ற குரல் வலுத்தது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் 10 மெகாவாற்று மின்சாரம் தரும் எரியுலை இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 600 தொன்னுக்கு மேல் எரிக்க அமைக்கப்பட்டது அது. எரியுலையை நான் எதிர்க்கவில்லை. குப்பைமலையின் கீழ் மனிதர் புதைவதைக் காட்டிலும் குப்பை எரிவது மேல். ஆனால் 600 தொன் எரித்தால், நூற்றுக்கு ஒரு பங்கு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு 6 தொன் பறக்கும் சாம்பல் உண்டு. மின்சாரக் கணக்கைப் பத்திரிகையில் வாசிக்கிறோம். சாம்பற் கணக்கையும் வாசிக்க நமக்கு உரிமையில்லையா?

இன்று கொழும்பில் நடப்பது நாளை நமது நகரங்களுக்கும் வரும். வரும்போது நாம் நினைவிற் கொள்ளவேண்டியது நமது நிலத்தின் இயல்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே நமது பெருமுதல். மேலே ஊற்றியதைக் கீழே வடிகட்டித் தர அந்தப் பாறையால் இயலாது. ஓரிடத்திற் கொட்டியது ஓரூர்க் கிணற்றோடு நின்றுவிடாது.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? அங்கே கிணறுகளிற் கலந்தது உலோகமன்று, எண்ணெய்க் கழிவு. ஆயினும் பாடம் ஒன்றே. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவனே ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியை எடுத்துக்காட்டி, மின்னிலையத்தை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறந்த தீர்ப்பு. வழக்கறிஞன் என்ற முறையில் அதனைப் போற்றுகிறேன். ஆனால் ஒரு வழக்கறிஞனாகவே இன்னொன்றும் சொல்லவேண்டும். தீர்ப்பு பணம் தரும்; கிணற்று நீரை முன்போல் ஆக்கித் தராது. வழக்கு வெல்வது, நஞ்சு கலந்த பின் வரும் நீதி. நஞ்சு கலக்கமுன் வரும் நீதிக்குப் பெயர் உரிமத்தின் நிபந்தனை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கும் அதிகாரம் இருக்கின்றது. அவ்வுரிமத்தின் நிபந்தனைகளிலேயே சாம்பலைப் பற்றிய சொல் தெளிவாக இடம்பெறவேண்டும்.

என்ன கேட்பது?

"இது பணக்கார நாட்டு வேலை, நமக்கு ஆகுமா?" என்று கேட்பார்கள். முழு முறையும் உடனே ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புகையை நீராற் கழுவாமல் உலர்ந்த சுண்ணாம்பாற் சுத்திசெய்யும் உலையில் இலவச அமிலம் கிடையாது. அதனை விலைக்கு வாங்கவேண்டும். நமது குப்பை ஈரம் மிகுந்தது. அதன் சாம்பலும் வேறுபடும். ஆனால் முதற்படிகள் பணக்காரருக்கு மாத்திரம் உரியவையல்ல.

முதலாவது, இரு சாம்பலையும் கலக்கக்கூடாது. கலந்தால் நஞ்சின் அளவு தாளிற் குறைந்து தோன்றும், நிலத்திற் குறையாது. பைக்கரில் நடந்த பிழை அதுவே. இரண்டாவது, பறக்கும் சாம்பலைக் காலந்தோறும் பரிசோதித்து, ஈயம் எவ்வளவு, கட்மியம் எவ்வளவு என்று மக்கள் வாசிக்கும் மொழிகளில் வெளியிடவேண்டும். மூன்றாவது, உலோகம் நீக்கப்படும் வரை அதனை மழை படாத, தரையில் ஊறாத களஞ்சியத்தில் வைக்கவேண்டும். எந்த ஊருக்கும் நிரப்பு மண்ணாகவோ உரமாகவோ கொடுக்கலாகாது. நான்காவது, புதிய உலைக்கு உரிமம் வழங்கும்போது, உலோகத்தை மீட்கும் முறைக்குத் தவணையும் செலவும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். கட்டணத்திற் சாம்பலின் செலவைச் சேர்க்காத மலிவு மின்சாரம், நம் பிள்ளைகளின் கணக்கில் எழுதிய கடனேயாகும்.

இவை அரசிடம் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்கவேண்டியதும் ஒன்றுண்டு. வளவு மூலையிற் குப்பையைக் கூட்டி எரிப்பது நம் வழக்கம். அந்தக் குவியலில் இன்று சருகு மாத்திரமா இருக்கின்றது? மின்கலம், வர்ணப் பேணி, மின்கம்பி, உடைந்த வானொலி எல்லாம் இருக்கின்றன. எரித்த சாம்பலை வெங்காயப் பாத்திக்கு இடுகிறோம்! பிலடெல்பியாக் கம்பனி ஹெயிற்றிக்குச் செய்ததை நாமே நம் தோட்டத்துக்குச் செய்யலாமா? மின்கலத்தையும் மின்பொருளையும் வேறாகச் சேர்த்துப் பிரதேச சபையிடம் ஒப்படைப்போம். ஏற்று வாங்க ஒழுங்கு செய்யாத சபையிடம் அந்த ஒழுங்கைக் கேட்போம். உலையினுள் புகாத உலோகத்தைச் சாம்பலிலிருந்து எடுக்கவேண்டிய தேவையே இல்லை.

பெரியோர்களே! கொல்லிக்கனில் நச்சுக்குழியை மூடச்செய்தது ஒரு கிராமத்துச் சபை. அவர்கள் இரசாயன அறிஞர்களல்லர். தங்கள் ஊரின் காற்றையும் நீரையும் அறிந்த சாதாரண மக்கள். நாமும் நம் கிணற்றை அறிவோம். ஆகவே, எந்த உலையைப் பற்றி எந்த மேடையில் எவர் பேசினாலும், எத்தனை மெகாவாற்று என்று கேட்டு அமர்ந்துவிடாதீர்கள். மறுபடியும் எழுந்து, "சாம்பல் எங்கே போகின்றது? அதற்குள் என்ன இருக்கின்றது? அதை எடுத்துவிட்டா புதைக்கிறீர்கள்?" என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை அமராதீர்கள்.